சர்க்கரை நோய் கண்ட நாய்க்கு வீட்டிலேயே இன்சுலின் ஊசி போடலாமா?

கமலாலயக்கரை (மே 6, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். திருவாரூரில் நானும் என் கணவரும் மட்டும் இருக்கிறோம். இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஒன்பது ஆண்டுகளாக எங்களோடு அம்மு என்னும் ஸ்பிட்ஸ் நாய் வளர்கிறாள். சென்ற மாதம் முழுவதும் அவள் தண்ணீர்ச் சட்டியை விட்டு நகரவில்லை. இரவில் மூன்று முறையாவது வெளியே விட வேண்டியிருந்தது. வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டும் பத்தரைக் கிலோவாக இருந்த எடை ஒன்பதாகிவிட்டது.

இன்று இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்த மருத்துவர், வெறும் வயிற்றில் சர்க்கரை 412 இருப்பதாகச் சொன்னார். மனிதர்களுக்குத் தரும் சர்க்கரை மாத்திரைகள் நாய்களுக்கு வேலை செய்யாது என்றும், காலை ஏழு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் மூன்று யூனிட் இன்சுலின் போட வேண்டும் என்றும், அது பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தொடரும் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். நாளுக்கு இருமுறை போய் வர இயலாது.

என் கணவரே பதினோரு ஆண்டுகளாக இன்சுலின் பேனா போட்டுக்கொள்பவர். ஆனாலும் "என் வயிற்றில் நான் குத்திக்கொள்வது வேறு, வாய் பேசாத பிள்ளையைக் குத்துவது வேறு" என்று சொல்லி விலகிக்கொண்டார். என் கையோ இப்போதே நடுங்குகிறது. நாளை மருந்து வந்துவிடும். வீட்டில் ஊசி போட்டுப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய ஆய்வாளர் (மே 6, இரவு 10.25)

அம்மா, வணக்கம். கால்நடை ஆய்வாளராக முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றியவன் நான். மருத்துவர் சொன்னபடி செய்வதற்குக் கை பழகுவது எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன். அளவு, நேரம் எல்லாம் அவர் பொறுப்பு.

முதலில் உங்கள் அச்சம் தீரட்டும். இன்சுலின் நரம்பில் போடுவதன்று, தசையிலும் போடுவதன்று. தோலுக்கும் தசைக்கும் இடையில் உள்ள தளர்வான இடத்தில் போடுவது. நமக்கு அந்த இடம் இறுக்கமாக இருக்கும். நாய்க்கோ விலாப்பக்கத் தோலை இரு விரலால் பிடித்துத் தூக்கினால் சிறு கூடாரம்போல் எழுந்து நிற்கும். இன்சுலின் சிரிஞ்சின் ஊசி 30 அல்லது 31 கேஜ் இருக்கும். எண் கூடக்கூட ஊசி மெலியும். மாட்டுக்கு நாங்கள் போட்டது 16-ஆம் எண்ணும் 18-ஆம் எண்ணும் என்றால், உங்கள் கையில் இருக்கப்போவது எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல நாய்கள் அது ஏறியதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் பிடரியைப் பிடித்துப் போடுகிறார்கள். தடுப்பூசிக்கு அது சரி. நாள்தோறும் போடும் இன்சுலினுக்கு அந்த இடத்தை நான் பரிந்துரைப்பதில்லை. பிடரித் தோலில் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் மருந்து ஒருநாள் விரைவாகவும் மறுநாள் மெதுவாகவும் உறிஞ்சப்படும். தோள்பட்டைக்குப் பின்னால் மார்பின் பக்கவாட்டிலும், வயிற்றின் பக்கவாட்டிலும் போடுங்கள். காலையில் இடப்பக்கம், இரவில் வலப்பக்கம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டால் ஒரே இடம் தடித்துப் போகாது.

ஸ்பிட்ஸுக்கு முடி அடர்த்தி. முடியை வகிடுபோல் பிரித்துத் தோல் கண்ணுக்குத் தெரிந்த பிறகே தொடங்குங்கள். தோலைத் தூக்கினால் கூடாரத்தின் அடிவாயில் ஒரு பள்ளம் விழும். ஊசியின் சாய்ந்த வாய் மேல்நோக்கி இருக்க, முதுகெலும்புக்கு இணையாகச் சற்றுச் சாய்த்து அந்தப் பள்ளத்தில் செலுத்தி, தயங்காமல் மருந்தைத் தள்ளி, ஊசியை எடுத்துவிடுங்கள். மெதுவாகக் குத்தினால்தான் வலிக்கும். கூடாரத்தின் மறுபக்கம் ஊசி வெளியே வந்துவிட்டால் முடி நனைந்திருக்கும், மருந்து வாடையும் வரும். அப்படி ஆகிவிட்டால் எவ்வளவு உள்ளே போனதென்று தெரியாத நிலையில் இன்னொரு முறை போடவே கூடாது. அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளைக்குக் காத்திருங்கள். ஒரு வேளை சர்க்கரை ஏறியிருப்பதால் உயிர் போகாது. இரட்டை அளவு மருந்து போனால் போகும்.

முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. இந்த வரிசையை என்ன அவசரத்திலும் மாற்றாதீர்கள். மருந்து பால்போல் கலங்கலாக இருந்தால் குப்பியைக் குலுக்காமல் இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். நாளை பகலில் ஒரு சாத்துக்குடியில் வெறும் தண்ணீரைப் பத்து முறை போட்டுப் பாருங்கள். நடுக்கம் பாதி குறையும். அந்தச் சிரிஞ்சை மருந்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

நெல்லைச் சீமை (மே 7, காலை 8.05)

பெரியவர் மன்னிக்க வேண்டும், நான் மாறுபடுகிறேன். வீட்டில் ஊசி போடுவதை இப்படி எளிதாக்கிச் சொல்வது எனக்கு அச்சமூட்டுகிறது.

எங்கள் தெருவில் ஒருவர் தம் நாய் காலை நொண்டியதற்கு, தம் தாயாருக்கு வாங்கி மீந்திருந்த டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி ஊசியை அவரே போட்டார். இரண்டாம் நாள் அது இரத்தமாக வாந்தி எடுத்தது. நான்காம் நாள் இறந்துபோனது. அவருக்கு ஊசி போடத் தெரியும். மிக நேர்த்தியாகத்தான் போட்டார். அந்த நாயைப் புதைக்க மண்வெட்டி பிடித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மா அவர்கள் உள்ளூரில் கம்பவுண்டர் ஒருவரையாவது ஏற்பாடு செய்துகொள்வது நல்லது என்பது என் கருத்து.

லாப்ரடார் வீடு (மே 7, காலை 11.30)

நெல்லை நண்பரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாளுக்கு இரண்டு ஊசி என்றால் ஆண்டுக்கு 730. அதற்கு எந்தக் கம்பவுண்டர் வருவார்? வீட்டார் கற்றுக்கொள்ளாவிட்டால் அந்த நாய்க்கு மருத்துவமே இல்லை என்று பொருள். அவர் சொன்ன நாய் இறந்தது ஊசியால் அன்று, மருத்துவரைக் கேட்காமல் தேர்ந்தெடுத்த மருந்தால். டைக்ளோஃபெனாக் நாய்களின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். அதை மாத்திரையாகக் கொடுத்திருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும்.

எங்கள் லாப்ரடாருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தபோது பதினான்கு மாதங்கள் வீட்டிலேயே தோலடியில் ஆர்.எல். எனப்படும் ரிங்கர் லாக்டேட் உப்புநீரை ஏற்றினோம். அந்த அனுபவத்தை எழுதுகிறேன், பயன்படலாம். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்து, ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்ப்போம். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, 18 கேஜ் ஊசியைத் தோள்பட்டைப் பக்கம் தோலடியில் செலுத்தினால், மருத்துவர் சொன்ன 250 மி.லி. பத்து நிமிடங்களில் இறங்கிவிடும். அந்த இடம் தேங்காய் மூடி அளவுக்கு வீங்கி, மெல்ல முன்னங்காலை நோக்கிச் சரிந்து, விடிவதற்குள் காணாமற்போகும். முதல்நாள் அந்த வீக்கத்தைக் கண்டு என் மனைவி அழுதுவிட்டார். மூன்றாம் வாரம் அவரேதான் ஊசி செலுத்தினார்.

எங்களுக்கு ஊசியால் ஒருபோதும் தொல்லை வரவில்லை. ஒரே ஒரு நாள், நாங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் ஆர்.எல். பாட்டிலுக்குப் பதிலாக அதே வடிவில் இருந்த டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சர்க்கரை நீரைத் தோலடியில் ஏற்றக் கூடாது. மாட்டுவதற்கு முன் எழுத்தைப் படித்ததால் தப்பினோம். அம்மா, ஒவ்வொரு முறையும் எழுத்தைப் படியுங்கள்.

கமலாலயக்கரை (மே 8, இரவு 8.15)

நேற்று இரவு ஏழு மணிக்குத் தொடங்கிவிட்டேன். சாத்துக்குடியில் பத்து முறைக்குப் பதிலாக முப்பது முறை போட்டேன். அம்மு மோர்ச் சாதம் கலந்த கோழியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே என் கணவர் அவள் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நான் விலாவில் போட்டேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்குத்தான் பிறகு அரை மணி நேரம் கால்கள் தரையில் பாவவில்லை.

என் கணவர் உயிரியல் ஆசிரியராக இருந்தவர். 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு நாயின் கணையத்தை எடுத்த பிறகுதான் சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது என்றும், 1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்து முதலில் நாய்களிடம்தான் சோதித்தார்கள் என்றும் நேற்றிரவு சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாய்களால்தான் தாம் பதினோரு ஆண்டுகளாக நடமாடுவதாகவும் சொன்னார். இன்று காலை ஊசியை அவரே போட்டார்.

நெல்லைச் சீமை (மே 9, காலை 7.20)

நல்லபடியாக நடந்ததில் மகிழ்ச்சி, அம்மா. லாப்ரடார் நண்பர் சொன்னதை இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். மருத்துவர் தேர்ந்தெடுத்து, அளவிட்டு, கையில் கற்றுக்கொடுத்த மருந்தை வீட்டில் போடுவதை நான் இனி எதிர்க்க மாட்டேன். நாமே தேர்ந்தெடுத்துப் போடுவதை எதிர்த்துக்கொண்டே இருப்பேன்.

கமலாலயக்கரை (மே 13, இரவு 9.00)

மனம் சோர்ந்து எழுதுகிறேன். ஆறு நாள்கள் ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆனாலும் அம்மு குடிக்கும் தண்ணீர் குறையவே இல்லை. இன்று அளந்து பார்த்தேன், ஒன்றரை லிட்டர். எடை இன்னும் இருநூறு கிராம் இறங்கியிருக்கிறது. மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். நாளை அழைத்துவரச் சொன்னார். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்றார். நான் போடும் முறையில் ஏதேனும் பிழை இருக்குமோ?

கோவை மருந்தாளுநர் (மே 13, இரவு 9.20)

அம்மா, இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். உடனே இரண்டு விவரங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். மருந்துக் குப்பியின் மேல் ஒரு மி.லி.க்கு 40 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா? சிரிஞ்சின் ஊசி மூடி என்ன நிறம்?

கமலாலயக்கரை (மே 13, இரவு 9.35)

குப்பியில் 40 என்று இருக்கிறது. மூடி செம்மஞ்சள் நிறம். இன்சுலின் சிரிஞ்சு என்று கேட்டதற்கு இதைத்தான் கடையில் கொடுத்தார்கள்.

கோவை மருந்தாளுநர் (மே 13, இரவு 10.10)

பிழை உங்கள் கையில் இல்லை, அம்மா, சிரிஞ்சில் இருக்கிறது. இதைச் சற்று நீளமாக எழுதுகிறேன். நாய் வளர்க்காதவர்களும் படிக்க வேண்டிய செய்தி இது.

நம் நாட்டுக் கடைகளில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் இருக்கும். பேனாவுக்கான குழாய்களில் 100 யூனிட் இருக்கும். இவற்றுக்கேற்ப சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி உள்ளது யூ-40, செம்மஞ்சள் மூடி உள்ளது யூ-100. சிரிஞ்சில் உள்ள கோடு மருந்தின் அளவையன்று, நீர்மத்தின் அளவைத்தான் காட்டுகிறது. அந்தச் செறிவுக்கு மட்டுமே அது யூனிட் ஆகும்.

உங்கள் செம்மஞ்சள் சிரிஞ்சில் மூன்றாம் கோடு வரை இழுத்தால் வருவது 0.03 மி.லி. உங்கள் குப்பியில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் என்பதால், அதில் இருப்பது 1.2 யூனிட் மட்டுமே. மருத்துவர் மூன்று என்று எண்ணிக்கொண்டிருக்க, அம்முவுக்கு ஆறு நாளாகப் போனது அதில் பாதிகூட இல்லை.

இதில் அதைவிட ஆபத்தான ஒன்று மறைந்திருக்கிறது. நாளை மருத்துவர் இந்தச் செய்தி தெரியாமல் ஐந்து யூனிட்டாகக் கூட்டியிருப்பார். அடுத்த மாதம் வேறு கடையில் சிவப்பு மூடிச் சிரிஞ்சு வாங்கியிருப்பீர்கள். அன்று முதல் முழு ஐந்து யூனிட்டும் உள்ளே போயிருக்கும். அதாவது பழகியிருந்த அளவைப்போல் இரண்டரை மடங்கு. ஆகவே நாளைக்குச் சிரிஞ்சு, குப்பி இரண்டையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரின் மேசையில் வைத்துச் சொல்லுங்கள். நீங்களாக இன்றிரவு எதையும் கூட்டவோ மாற்றவோ வேண்டாம்.

உங்கள் வீட்டில் இன்னொரு இடரும் இருக்கிறது. ஐயாவின் பேனா மருந்து 100 செறிவு. குப்பி தீர்ந்த ஒரு நாளில், அதுவும் இன்சுலின்தானே என்று அவருடைய குழாயிலிருந்து சிவப்புச் சிரிஞ்சில் மூன்றாம் கோடு வரை இழுத்தால் அம்முவுக்குப் போவது ஏழரை யூனிட். மேலும் அது எந்த வகை இன்சுலின், எவ்வளவு நேரம் வேலை செய்வது என்பதும் வேறாக இருக்கலாம். குளிர்பெட்டியில் இருவரின் மருந்தையும் வெவ்வேறு டப்பாக்களில், வெவ்வேறு தட்டுகளில் வையுங்கள்.

சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே அறிந்துகொள்ளுங்கள். சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம், வெறித்த பார்வை, கடைசியில் வலிப்பு என்று அது வரும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் 60-க்குக் கீழ் காட்டும். தேனையோ குளுக்கோஸ் பொடியைக் குழைத்தோ ஈறுகளில் தடவுங்கள். நினைவு தப்பிய நாயின் வாய்க்குள் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். தெளிந்ததும் உணவு கொடுத்து உடனே மருத்துவரை அழையுங்கள்.

பழைய ஆய்வாளர் (மே 14, காலை 6.15)

மருந்தாளுநருக்கு நன்றி சொல்ல வேண்டும். என் முதல் பதிவில் ஊசியின் பருமனைப் பற்றி எழுதினேனே தவிர, சிரிஞ்சின் செறிவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அது பெரும் குறை. அம்மா என்னை மன்னிக்க வேண்டும்.

கமலாலயக்கரை (மே 14, இரவு 8.40)

மன்னிப்பெல்லாம் வேண்டாம், ஐயா. நீங்கள் எழுதியதால்தான் நான் தொடங்கவே முடிந்தது.

மருத்துவர் சிரிஞ்சைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு தம் மருந்துச் சீட்டில் இனி "சிவப்பு மூடி" என்றும் எழுதப்போவதாகச் சொன்னார். அளவைக் கூட்டவில்லை, சரியான சிரிஞ்சில் அதே மூன்று யூனிட். அங்கேயே காலை ஊசியைப் போட்டு, மாலை வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்தார்கள். 390-இல் தொடங்கி, பிற்பகலில் 168 வரை இறங்கி, மாலையில் மீண்டும் ஏறியது. அம்மு கருத்தடை செய்யப்படாதவள். பருவம் முடிந்த சில வாரங்களில்தான் நோய் தெரிந்தது என்பதைக் கேட்டுக்கொண்டு, அந்தக் காலத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும், உடல் சற்றுத் தேறியதும் கருப்பையையும் சினைப்பையையும் அகற்றிவிடலாம் என்றார்.

வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார். காது மடலின் ஓரத்தில் ஒரு துளி இரத்தம் போதுமாம். மனிதர்களுக்கான கருவி நாயின் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதால், ஒற்றை எண்ணைப் பார்த்து அளவை மாற்றாமல் எழுதி மட்டும் வைக்கச் சொன்னார்.

ராஜபாளையத்தான் (மே 16, மாலை 5.50)

இந்தப் பேச்சைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். நான் வழிவழியாக நாய் வளர்க்கும் குடும்பத்தவன். உண்ணிக்கும் சொறிக்கும் மாட்டுக்கான ஐவர்மெக்டினை நாங்களே தோலடியில் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். குட்டிகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசியையும் கடையில் வாங்கி நாங்களே போட்டிருக்கிறோம். நெல்லைக்காரர் எழுதியதையும் மருந்தாளுநர் எழுதியதையும் படித்த பிறகு எனக்கு ஐயம் வந்துவிட்டது. இதுவரை எதுவும் நேரவில்லை என்பது மட்டும் போதுமா என்று தெரியவில்லை. பெரியவர் சொல்ல வேண்டும்.

பழைய ஆய்வாளர் (மே 16, இரவு 9.30)

தம்பி, கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். மாட்டுக்கான ஐவர்மெக்டினில் ஒரு மி.லி.க்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பல நூறு கிலோ எடையுள்ள உயிருக்கென அளந்து செய்தது அது. பத்துக் கிலோ நாய்க்குக் கணக்கிட்டால் ஒரு மி.லி.யின் சிறு பங்கில்தான் வரும்; கண்ணளவில் சற்றுத் தவறினாலும் அளவு மிகுதியாகிவிடும். கோலி போன்ற சில இனங்களில் அந்த மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் மரபணு பழுதாக இருப்பதுண்டு. அவற்றுக்குச் சிறு அளவே தள்ளாட்டத்தையும் மயக்கத்தையும் கொடுக்கும். இதயப்புழு உள்ள நாய்க்குப் போட்டால், இரத்தத்தில் இருக்கும் இளம்புழுக்கள் ஒரே நேரத்தில் இறந்து அதிர்ச்சி வரலாம். இப்போது உண்ணிக்கு வாயால் கொடுக்கும் மாத்திரைகளும் தோலில் விடும் சொட்டுகளும் உள்ளன. மருத்துவரைக் கேட்டு அவற்றுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசியை மட்டும் வீட்டில் போடவே வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து உங்கள் கைக்கு வரும்வரை 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருந்தால்தான் அது மருந்து. பேருந்தில் மேல்சட்டைப் பையில் வந்த குப்பியில் இருப்பது வெறும் நீர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காத்துக்கொண்டதாக எண்ணியிருக்கும் நாய் காப்பற்றுத் திரியும். நோய் முற்றி வெளிப்பட்டபின் அதற்கு மருத்துவம் இல்லை, நாய்க்கும் இல்லை, கடிபட்ட குழந்தைக்கும் இல்லை. ஊசி போட்ட சில நிமிடங்களில் ஒவ்வாமையால் முகம் வீங்கி மூச்சுத் திணறினாலும் வீட்டில் மாற்று மருந்து இருக்காது. பதிவுபெற்ற மருத்துவர் போட்டுக் கையெழுத்திட்ட சான்று இருந்தால்தான் நாளை யாரையாவது கடித்துவிட்டால் காட்ட முடியும். மாநகராட்சியில் உரிமம் கேட்டால் அதையும் காட்ட வேண்டும்.

இன்னொன்று. தெருவில் திரிந்த நாய்களின் பிறப்புறுப்பில் வரும் கட்டிக்கு வின்கிரிஸ்டின் போடுவார்கள். அது நரம்பில் மட்டுமே ஏற வேண்டிய மருந்து. ஒரு துளி வெளியே கசிந்தாலும் அந்த இடத்துச் சதை அழுகிவிடும். எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் வீட்டில் அதைத் தொடாதீர்கள்.

கமலாலயக்கரை (மே 21, காலை 6.30)

நேற்றிரவு நடந்ததை எழுதிவிடுகிறேன். கத்திரி வெயிலில் நேற்று மாலை ஐந்து மணி முதல் மின்சாரம் இல்லை. வெக்கையில் அம்மு பாதி உணவைத்தான் சாப்பிட்டாள். மீதியைப் பிறகு சாப்பிடுவாள் என்று எண்ணி முழு மூன்று யூனிட்டையும் போட்டுவிட்டேன். அவள் சாப்பிடவில்லை. இரவு பத்தரை மணிக்கு எழுந்தவள் சுவரில் மோதினாள், பின்னங்கால்கள் மடிந்தன. காதில் குத்திப் பார்த்தபோது 52. மருந்தாளுநர் எழுதியதை நினைவில் வைத்திருந்ததால் என் கணவர் தேனை விரலில் எடுத்து ஈறுகளில் தேய்த்தார், விட்டுவிட்டு மூன்று முறை. பத்து நிமிடத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சோறு கொடுத்து, மருத்துவரை அழைத்து, இரவு இரண்டு மணி வரை அரை மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருந்தோம்.

பாதிதான் சாப்பிட்டால் ஊசி போடுவதற்கு முன்பே தம்மை அழைக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். இரண்டு நாள்களுக்கு அளவை இரண்டு யூனிட்டாகக் குறைத்திருக்கிறார்.

குளிர்பெட்டி ஆறு மணி நேரம் ஓடவில்லை. மருந்து கெட்டிருக்குமா?

கோவை மருந்தாளுநர் (மே 21, காலை 7.10)

அம்முவைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். மூடியே வைத்திருந்த குளிர்பெட்டியில் ஆறு மணி நேரத்தில் மருந்து கெடாது. திறந்த குப்பி சில நாள் சாதாரண அறைச் சூட்டைத் தாங்கும். ஆனால் உச்சி வெயிலில் உங்கள் ஊர் அறை அந்தச் சூட்டைத் தாண்டிவிடும் என்பதை மறக்காதீர்கள். உறைவிக்கும் அறையில் மட்டும் ஒருபோதும் வைக்க வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்கு முன்போலவே இருந்தாலும் வேலை செய்யாது. உருட்டிய பிறகும் துகள்களாகத் திரிந்து நின்றால் குப்பியை மாற்றுங்கள். முதல்முறை துளைத்த நாளைக் குப்பியில் எழுதி, தாளில் சொல்லியிருக்கும் நான்கு அல்லது ஆறு வாரக் கெடு முடிந்ததும், மருந்து மீதமிருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

நெல்லைச் சீமை (மே 21, மாலை 4.00)

அம்மா, நேற்றிரவு நீங்கள் பட்ட பாட்டைப் படித்துக் கண் கலங்கியது. பயன்படுத்திய ஊசிகளை என்ன செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டும் எனத் தோன்றியது. எங்கள் ஊரில் குப்பை பிரிக்கும் பெண் ஒருவருக்கு விரலில் ஊசி குத்தி, அது யாருடைய ஊசி என்று தெரியாமல் பல மாதங்கள் இரத்தப் பரிசோதனைக்கு அலைந்தார். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இலேயே வீட்டில் பயன்படுத்திய ஊசிகளை அபாயக் கழிவில் சேர்த்தன. மக்கும் குப்பையிலும் மக்காத குப்பையிலும் அவற்றைப் போடக் கூடாது.

கமலாலயக்கரை (மே 21, இரவு 8.50)

மூடி இறுகப் பொருந்தும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில், ஊசியை மீண்டும் மூடாமல் அப்படியே போட்டு வைக்கிறேன். முக்கால் பங்கு நிறைந்ததும் மருத்துவமனையில் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். என் கணவரின் பேனா ஊசிகளை இத்தனை ஆண்டுகளாகத் தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணைப் பற்றிப் படித்த பிறகு அவரும் அதே டப்பாவில் போடுகிறார்.

கமலாலயக்கரை (ஜூன் 9, காலை 10.15)

பல நாள் எழுதவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அம்முவின் எடை 9.6 கிலோ. தண்ணீர் நாளுக்கு அரை லிட்டருக்குள் வந்துவிட்டது. இரவில் எழுப்புவதில்லை. இப்போது இரண்டரை யூனிட்டில் இருக்கிறாள்; அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தேவை திடீரெனக் குறையலாம் என்பதால், அந்த வாரம் நாள்தோறும் சர்க்கரை பார்க்க வேண்டுமாம்.

ஆனால் வலது கண்ணில் பால் படிந்தாற்போல ஒரு வெண்மை தெரிகிறது. சர்க்கரை நோய் கண்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்புரை வரும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நம் கையில் குறை ஒன்றும் இல்லை, சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருந்தாலும் வரக்கூடியது என்கிறார். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் காட்டி வரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவு மகிழுந்தில் புறப்படுகிறோம். ஏழு மணி ஊசியை வீட்டிலேயே போட்டுவிடுவேன். மறுநாள் காலை ஊசியை வழியிலோ சென்னையிலோதான் போட வேண்டும். குப்பியை எப்படி எடுத்துச் செல்வது?

கோவை மருந்தாளுநர் (ஜூன் 9, காலை 10.50)

அகன்ற வாயுள்ள ஃபிளாஸ்க்கில் அடியில் பனிக்கட்டிப் பை, அதன்மேல் மடித்த துண்டு, அதற்குமேல் குப்பி. பனிக்கட்டி குப்பியைத் தொடக் கூடாது, தொட்ட இடத்தில் உறைந்துவிடும். சிரிஞ்சுகளைத் திருவாரூரிலிருந்தே கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். வழியில் வாங்க நேர்ந்தால் மூடியின் நிறத்தைப் பாருங்கள். தேன் புட்டியை வண்டியின் முன்பக்கம் வையுங்கள்.

பழைய ஆய்வாளர் (ஜூன் 9, பிற்பகல் 2.30)

ஓடும் வண்டியில் போட வேண்டாம், அம்மா. நிறுத்திவிட்டு, அவள் சாப்பிட்டு முடித்தாளா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். வெளிப்புற நோயாளிகள் பிரிவில் கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். இதுவரை எழுதி வைத்திருக்கும் சர்க்கரைக் குறிப்பேட்டையும் கொண்டு செல்லுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.